தண்டோராவும் சிறப்புரையும்

முனைவர் பட்டத்துக்கு என்ன தலைப்பு என்று கேட்பவர்களிடம் 'தமிழக அரசியல் மேடைப்பேச்சு' என்று நான் சொன்னதும் அவர்கள் முகம் கொஞ்சம் மாறும். "பறை, ஒப்பாரின்னு எடுத்திருக்கலாமேம்மா, உனக்குத் தகவல் சேகரிக்கிறது சுலபம்" என்பார்கள். நான் பதிவு செய்யப்போன பல்கலைக்கழகத்தில், தலைப்பை முடிவு செய்கிற குழுவிலும் இதைத்தான் சொன்னார்கள். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே வைத்துக்கொள்வோம். சங்க இலக்கியம் ஒருவருக்கு, சைவ சித்தாந்தம் இன்னொருவருக்கு, அரசியல் வேறொருவருக்கு. சேரியிலிருந்து வந்து தமிழ் எம்.ஏ. முடித்தவளுக்கு நாட்டுப்புறவியல். ஊரில் தெரு பிரித்த கைதான் துறைக்குள்ளும் தெரு பிரித்திருக்கிறது.

பறையை ஆராய்வது கேவலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பறையும் அரசியல் பேச்சும் வேறு வேறு என்று யார் சொன்னது? இதழியல் துறைகளில் அரசியல் தகவல்தொடர்பு என்று பாடம் நடத்துகிறார்களே, அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக ஊரில் செய்தது யார்?

எங்க தாத்தா தண்டோரா போட்டவர். ஏரி ஏலம், கிஸ்தி பாக்கி, கூத்து, மந்திரி வருகை எல்லாம் அவர் வாயால்தான் ஊருக்குத் தெரியவந்தன. 'இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்' என்று தெருவுக்குத் தெரு நின்று கூவுவார். இந்தச் 'சகலமானவர்' என்ற சொல்லை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். பொதுமக்கள் என்ற சொல் கட்சி மேடைக்கு வருமுன்பே எங்கள் ஆள் வாயில் இந்தச் சொல் இருந்தது. ஆனால் சொன்னவர் அந்தச் சகலத்தில் சேர்த்தியில்லை. ஊர்க்கூட்டம் நடக்கும்போது எட்ட நின்று, முடிவு என்ன என்று கேட்டுக்கொண்டு வந்து கூவவேண்டும். ஒருமுறை, சேரிக்காரர்கள் ஊர்க்குளத்தில் இறங்கக்கூடாது என்ற தீர்மானத்தையும் அவரே கூவியிருக்கிறார், எங்கள் தெரு முனையில், அவர் பெற்ற பிள்ளைகள் கேட்க. எங்க ஆயா அதைப் பற்றி ஒரே வரியில் சொல்லும்: "கொரலு ஊருக்கு, கொடலு மட்டும் நமக்கு."

ஒருவனுடைய குரலை எடுத்துக்கொண்டு சொல்லைத் தராமல் வைத்திருப்பது. எந்தத் தகவல்தொடர்புக் கோட்பாட்டில் இதற்கு இடமிருக்கிறது என்று தேடிப்போனதுதான் என் ஆய்வு.

பொதுவெளி பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஹேபர்மாஸிடம் போய் நிற்பார்கள். ஜெர்மன் மொழியில் 1962இல் வந்த நூல். ஆங்கிலத்துக்கு 1989இல்தான் வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு லண்டன் காபிக் கடைகளில் அந்தஸ்து பாராமல் கூடி, பத்திரிகை படித்து, அரசாங்கத்தை விமர்சித்தார்கள். அங்கே பொதுக்கருத்து பிறந்தது என்கிறார். படித்தபோது எனக்கு எங்கள் ஊர் டீக்கடை ஞாபகம் வந்தது. அங்கேயும் பேப்பர் இருந்தது, வாக்குவாதம் இருந்தது, கருணாநிதியும் ஜெயலலிதாவும் தினம் அடிபட்டார்கள். கிளாஸ் மட்டும் ரெண்டு. சத்தம் போட்டுப் படிக்கிறவர் உள்ளே பெஞ்சில். எங்க அப்பா வெளியே குத்துக்காலிட்டு, குடித்த கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டு, காதை மட்டும் உள்ளே அனுப்பி அரசியல் கற்றார். ஹேபர்மாஸ் சொன்ன பொதுவெளியில் பெண்களுக்கும் உழைக்கிறவர்களுக்கும் இடமில்லை, அவர்கள் தங்களுக்கென்று எதிர்ப் பொதுவெளிகளைக் கட்டினார்கள் என்று நான்சி ஃப்ரேசர் 1990இல் எழுதினார். இதைப் புரிந்துகொள்ள எங்க அப்பாவுக்கு ஃப்ரேசர் தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்டார். அடிக்குறிப்பு இல்லாமல் நாம் சொன்னால் புலம்பல் என்கிறார்கள்.

மேடைப்பேச்சு ஆய்வில் பெரிய பெயர் பெர்னார்ட் பேட். அமெரிக்க மானிடவியலாளர். மதுரையில் தங்கி, பொதுக்கூட்டம் பொதுக்கூட்டமாகப் போய்க் கேட்டு எழுதிய நூல் 2009இல் வந்தது. திராவிட இயக்கத்தார் செந்தமிழை எப்படி மேடையேற்றி அதிகாரத்தின் ஓசையாக மாற்றினார்கள் என்று அதில் காட்டினார். 2016இல் இறந்துவிட்டார். அவர் முடிக்காமல் விட்டதை நண்பர்கள் தொகுத்து 2021இல் வெளியிட்டார்கள். கிறித்தவ ஊழியர்களின் பிரசங்கம், அதற்கு மறுப்பாக 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப் பிரசங்கம், பிறகு சுதேசி மேடை என்று அந்த வழி விரிகிறது. உழைப்பான, நேர்மையான ஆய்வு. அவர்மேல் எனக்குக் குறையில்லை. ஒன்றைத்தான் கவனிக்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்தவர் ஒட்டுமொத்தத் தமிழ் மேடையையும் ஆராயலாம்; 'உங்க தெருவைப் போய் ஆராயுங்க' என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பிரசங்கத்துக்கு முன்னால் தண்டோரா இருந்தது என்று நான் அந்த வரலாற்றோடு சேர்க்கிறேன். சுதேசி மேடைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். ஊரெல்லாம் சுதேசிப் பேச்சு கிளம்பிய அதே காலம். சாதியைக் கட்டிக்கொண்டு என்ன சுதேசியம் என்று வாராவாரம் கேட்டார். அதற்கும் முன்பு, 1893இலேயே இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தினார். கூவச் சொன்னதைக் கூவியவர்கள் தங்கள் சொல்லைத் தாங்களே அச்சுக்கோத்த இடம் இது. எங்கள் எம்.ஏ. பாடத்தில் இதழியல் வரலாறு இருந்தது. சுதேசமித்திரன் இருந்தது, இந்தியா இருந்தது. இவை இரண்டும் இல்லை. அயோத்திதாசர் 1914இல் இறந்தார். அவர் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட 1999 ஆக வேண்டியிருந்தது. மராத்தியத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? அம்பேத்கர் 1920 ஜனவரியில் 'மூக்நாயக்' தொடங்கியபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'.

ஆகஸ்டு 2022இல் தண்டோரா போடுவதைத் தடை செய்யச் சொல்லித் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டி அறிவித்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல காரியம். தாத்தா இருந்திருந்தால் கோலைத் தூக்கி அடுப்பில் போட்டிருப்பார். ஆனால் மனிதன் போய்க் குழாய் வந்துவிட்டது என்பதோடு முடிகிற விஷயமா இது? மைக் யார் கையில், எவ்வளவு நேரம்?

இதற்காகப் பொதுக்கூட்ட நோட்டீஸ்களை ஒரு ட்ரங்குப் பெட்டி நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரை, நன்றியுரை. மேலிருந்து கீழாகப் படித்தால் ஊர்ப்படம் மாதிரியே இருக்கும். மேடையில் 'அவர்களே, அவர்களே' என்று விளித்துக்கொண்டு போகிற வரிசையும் அப்படித்தான். நம்மவர் பெயரையும் பெண்கள் பெயரையும் நான் அடிக்கடி பார்த்தது நன்றியுரையில். முற்போக்குக் கூட்டங்களின் நோட்டீஸ்களும் இந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. சிறப்புரை முடிந்து, கூட்டம் எழுந்து துண்டை உதறிக்கொண்டு போகிற நேரத்தில் பேசுகிற பேச்சு நன்றியுரை.

சென்ற வருடம் ஒரு கூட்டத்தில் எனக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து, கொடி கட்டியவர், போஸ்டர் ஒட்டியவர், நாற்காலி இறக்கியவர், மேடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிய அக்கா என்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி 'அவர்களே' போட்டேன். சிறப்புரையாளருக்கு எவ்வளவு நீட்டி முழக்கினார்களோ அவ்வளவு நீட்டினேன். எழுந்தவர்களில் சிலர் உட்கார்ந்தார்கள். "தோழர், முடிங்க, நேரமாச்சு" என்று பின்னாலிருந்து துண்டுச்சீட்டு வந்தது. மைக்செட் தம்பி தன் பெயரும் வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

இதையும் ஆய்வேட்டில் மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஓரத்தில் பென்சிலால் 'சொந்த அனுபவம் தரவாகாது, நீக்கவும்' என்று எழுதித் திருப்பித் தந்திருக்கிறார்கள். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்துவிட்டு, மூன்று பக்கத்தையும் அப்படியே வைத்துக் கொடுத்திருக்கிறேன்.