ஓர் அங்குல மரத்துக்கு ஓர் அடிச் சரிவு

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் சேர்வராயன் மலை தெரியும். திண்ணையை ஒட்டிய கொட்டகையில் அப்பா மாட்டுவண்டிச் சக்கரம் செய்தார். குடம், ஆரக்கால், வட்டை, பட்டா என்று சக்கரத்தின் உறுப்புகளை, எழுத்துப் படிக்கும் முன்பே நான் படித்துவிட்டேன். விளிம்பு மரமான வட்டை ஒன்று பிளந்துபோனால், "இந்த ஒண்ண மட்டும் மாத்திக் குடுங்க ஆசாரி" என்று வண்டிக்காரர் வந்து நிற்பார். அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். இரும்புப் பட்டாவைக் கழற்றி, பக்கத்து வட்டைகளையும் தட்டிப் பார்த்த பிறகே உளியைத் தொடுவார். கூலியை ஏற்றத்தான் இப்படிச் செய்கிறார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கும் சின்ன வயதில் அந்தச் சந்தேகம் இருந்தது.

அது தீர்ந்தது வடக்கே, ஒரு கிளைடர் பட்டறையில். 1980களில் அங்கே தச்சு வேலைக்குச் சேர்ந்தேன். எங்களிடம் இருந்தது ரோகிணி. எஸ். ராமாமிர்தம் வடிவமைத்து, 1961இல் முதன்முதலாகப் பறந்த மரக் கிளைடர். பயிற்சி தருபவரும் கற்பவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். அஸ்வினி, ரோகிணி, கார்த்திக் என்று நட்சத்திரங்களின் பெயரையே அந்தக் காலக் கிளைடர்களுக்கு வைத்திருந்தார்கள். எந்திரமே இல்லாமல் வானத்தில் நிற்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன பெயர் வைக்க முடியும்?

ஒரு நாள் அது உழுத வயலில் இறங்கி, இறக்கை நுனி ஒரு மரக்கட்டையில் இடித்துக்கொண்டது. பார்வைக்குச் சேதம் கொஞ்சம்தான். நுனியில் ரிப் எனும் குறுக்குச் சட்டம் இரண்டு முறிந்திருந்தது, முன்விளிம்பு பிளைவுட்டில் உள்ளங்கை அகலம் கிழிந்திருந்தது. இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். மூத்த மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் இறக்கை அடிவரை நடந்து போனார். விரல் கணுவால் பிளைவுட்டைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. அங்கே திறந்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, ஸ்பாரின் மேல்கட்டையில் நாருக்குக் குறுக்கே, தலைமுடி விழுந்ததுபோல ஒரு கோடு தெரிந்தது. ஸ்பார் என்பது இறக்கைக்குள் ஓடும் உத்தரம். நுனியில் விழுந்த அடி அதன் வழியாக அடிவரை வந்து, அங்கே நாரை நசுக்கிவிட்டிருக்கிறது. விரிசல் என்றால் நாரோடு ஓடும், கண்ணுக்குப் படும். இது குறுக்கே ஓடும். விளக்கை நேராகப் பிடித்தால் தெரியவே தெரியாது. மர இறக்கையில் நான் மிகவும் பயந்தது இந்தக் கோட்டுக்குத்தான், இன்றும் அதே பயம்தான்.

சரிசெய்வது எப்படி? முறிந்த இரு முனைகளை நேருக்கு நேர் வைத்து ஒட்டினால் நிற்காது. நாரின் வெட்டுமுனையில் பசை பிடிப்பது அவ்வளவு பலவீனம். அதனால் இரண்டு பக்கமும் சரிவாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று படியவைத்து ஒட்ட வேண்டும். 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு சரிவு. ஓர் அங்குலத் தடிமன் கட்டை என்றால் ஓர் அடி நீளம் சீவ வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு 18 மில்லிமீட்டர். கோடு என்னவோ முடி அளவுதான். அதற்காக இரண்டு பக்கமும் அடி அடியாக நல்ல மரத்தை வெட்டி எறிய வேண்டும். முதல் தடவை கை வரவில்லை. குற்றம் செய்யாத மரத்தை வெட்டுகிறோமே என்று மனம் அடித்துக்கொண்டது. பட்டாவைக் கழற்றும் அப்பா அப்போதுதான் நினைவுக்கு வந்தார்.

சீவிய முகத்தில் உப்புத்தாள் போடக் கூடாது. தூசி நாரின் வாயை அடைத்துவிடும். கூரான இழைப்புளியால் ஒரே ஓட்டமாக இழைத்து, அன்றைக்கே ஒட்டிவிட வேண்டும். எங்கள் பசை ஏரோலைட். ஒரு முகத்தில் பசை, மறுமுகத்தில் நீர்போன்ற அமிலம். இரண்டும் தொட்ட கணத்திலிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். கிளாம்ப்பை இறுக்கும்போது விளிம்பு நெடுகிலும் பசை சிறு சிறு மணியாக, ஒரே சீராகத் துளிர்க்க வேண்டும். ஓரிடத்தில் துளிர்க்கவில்லை என்றால் உள்ளே இடைவெளி. வச்சிரப் பசை காய்ச்சும் நாற்றத்தில் வளர்ந்தவனுக்கு இந்த மணிகளைப் பார்ப்பது பெரிய ஆனந்தம்.

இடைவெளி எவ்வளவு பொல்லாதது என்பதற்கு நம் மண்ணிலேயே ஒரு கதை உண்டு. 1944 கடைசியில், பர்மாப் போருக்காக இங்கே வந்திருந்த மோஸ்கிட்டோ மர விமானங்கள் சில, இறக்கை பிரிந்து விழுந்தன. ஆட்கள் இறந்தார்கள். மற்ற விமானங்களைத் தரையில் நிறுத்திவைத்தார்கள். பழி முதலில் நம் வெயில்மேலும் மழைமேலும்தான் விழுந்தது. தோண்டிப் பார்த்தபோது, ஸ்பாரும் மேல்பலகையும் சரியாகப் படியாமல் ஒட்டியிருந்த இடங்கள் அகப்பட்டன. பிறகு அந்தச் சேர்மானத்தின்மேல் நெடுகப் பிளைவுட் பட்டி ஒட்டி, ஈரம் இறங்காமல் அடைத்தார்கள். வெயிலைக் குற்றவாளி ஆக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை. சேலத்து வெயிலில் எங்கள் சக்கரங்கள் வருஷக்கணக்கில் ஓடின.

வண்டி ஆசாரிக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களிடம் நான் 1910ஐச் சொல்வேன். டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர் தானே வரைந்த விமானத்தை, குதிரைவண்டி கட்டிக்கொண்டிருந்த சென்னை சிம்சன் பட்டறையில்தான் செய்துவாங்கினார். பல்லாவரத்தில் அது பறந்தது. அந்த இறக்கையை இழைத்த கைகளின் பெயரை நான் எங்கும் பார்த்ததில்லை. இன்று பிரெஞ்சு ஜோடெல் வரைபடத்தை வாங்கி வீட்டுக் கொட்டகையில் மர விமானம் கட்டுகிறவர்களும் அதே சரிவைத்தான் சீவுகிறார்கள்.

ஒவ்வொரு ஒட்டோடும், அதே பலகையில் அதே பசையில், ஒரு மாதிரித் துண்டும் ஒட்டிவைப்போம். காய்ந்ததும் சுத்தியலால் உடைப்போம். பசை வரியில் விட்டால் முழு வேலையும் வீண். மரம் கிழிந்தால் வேலை தேறியது. ரோகிணியின் துண்டு உடைந்தபோது மரம்தான் கிழிந்தது. அடுத்த லீவில் அதை அப்பாவிடம் காட்ட எடுத்துவந்தேன்.

அப்பா கொட்டகை வாசலில் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டைக் கட்டைவிரல் நகத்தால் தேடினார். பிறகு பக்கவாட்டில் பார்த்து, "ரேகை சாஞ்சு ஓடுதே கண்ணு" என்றார்.

நான் அளந்தேன். ஆறு அங்குலத்தில் இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், விலகியிருந்தது. பதினைந்துக்கு ஒன்று வரை விடலாம். இது இருபத்துநாலுக்கு ஒன்றுதான்.

"தப்பில்லைங்கப்பா, புஸ்தகத்துல இவ்வளவு விட்டிருக்காங்க."

"விட்டிருப்பாங்க" என்றார் அப்பா. துண்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "அந்தப் பலகையில இன்னும் மீதி இருக்குதா?"