ஓடும் ரயிலில் பல் விளக்குகிறவர்கள்

கோவில்பட்டி தாண்டியதும் நெல்லை எக்ஸ்பிரஸில் பாதிப் பெட்டி எழுந்துவிட்டது. என் இடம் கடைசி சைடு லோயர். கதவு திறந்தே கிடந்ததால் வாஷ்பேசின் நன்றாகத் தெரிந்தது. தோளில் துண்டும் கையில் பிரஷ்ஷுமாக நாலைந்து பேர் நின்றார்கள்.

முதலில் ஒரு கல்லூரிப் பையன். முன்பல்லில் நாலு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு, ஈரக்கையால் தலையைக் கோதிக்கொண்டு போய்விட்டான். கடைவாய்ப் பக்கம் பிரஷ் போகவே இல்லை.

அடுத்து ஓர் இளம் தாயும், நாலு வயதிருக்கும் மகளும். அப்பா பின்னால் நின்று சின்ன பிரஷ்ஷின் முழு நீளத்துக்கும் பேஸ்ட்டைப் பிதுக்கிக் கொடுத்தார். அம்மா அதில் முக்கால்வாசியை விரலால் வழித்துத் தன் பிரஷ்ஷில் தடவிக்கொண்டு, பட்டாணியளவு மட்டும் விட்டுவைத்தாள். இனிக்கிறதே என்று விழுங்குகிற வயது அது. ஃப்ளோரைடு அளவுக்கு மீறி உள்ளே போய்க்கொண்டே இருந்தால், பின்னால் முளைக்கும் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டு விழும். பிள்ளையைத் தன்மேல் சாய்த்து, தாடையைப் பிடித்து, உள்பக்கமும் தேய்த்துவிட்டாள். “துப்பு… போதும்.” தண்ணீர் ஊற்றி அலசவில்லை. பேஸ்ட்டின் பூச்சு பல்லில் கொஞ்ச நேரம் தங்கட்டும் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு. பிள்ளை உடனே கடலைமிட்டாய் கேட்டது. “மத்தியானம் சாப்பிட்டதும் தாரேன்.”

மூன்றாமவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பிரஷ்ஷின் நார்கள் இருபுறமும் விரிந்து படுத்துவிட்டன; மூன்று மாதத்துக்கொருமுறை மாற்ற வேண்டியதை ஒரு வருடமாவது ஓட்டியிருப்பார். அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிற வேகத்தில் தேய்த்தார். துப்பிய நுரை இளஞ்சிவப்பு. சட்டென்று குழாயை அழுத்திக் கழுவிவிட்டார். கண்ணாடியில் கீழுதட்டை இழுத்துப் பார்த்தார். ஈறு சிவந்து, ஓரம் தடித்திருந்தது. பிறகு அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தேய்த்து முடித்தார்.

எனக்குப் பதறியது. ரத்தம் வருகிற இடத்தில்தான் பிரஷ்ஷுக்கு வேலை அதிகம். ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் கிருமிப் படலம் தங்குவதால்தான் ஈறு வீங்கிக் கசிகிறது. மென்மையான நாருள்ள பிரஷ்ஷைச் சாய்த்து வைத்து, காலையும் படுக்கப்போகும் முன்னும் இரண்டிரண்டு நிமிடம் தேய்த்தால், ஆரம்ப நிலையில் ஓரிரு வாரத்திலேயே அடங்கும். விட்டால் படலம் காரையாக இறுகும். பிறகு பிரஷ்ஷுக்கு அசையாது. உள்ளே எலும்பு கரையும், அதுவும் பெரும்பாலும் வலியில்லாமல்.

அவருக்குப் பின்னால் நின்ற ஆச்சி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

“ஏய்யா, ரெத்தம் வருதோ?”

“கொஞ்ச நாளா இப்படித்தான் ஆச்சி. அதான் அந்தப் பக்கம் தேய்க்கதயே விட்டுட்டேன்.”

“நானும் அப்படித்தான் விட்டேன். இந்தா பாரு.” தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து காட்டினார். உள்ளே நாலு பல் வைத்த செட். “கிளீன் பண்ணணும்னு டாக்டரம்மா சொன்னா. பண்ணினா பல்லெல்லாம் ஆடிப்போயிரும்னு ஊர்ல சொன்னதக் கேட்டுப் போவல.”

இந்த ஒரு பயம் எத்தனை வாயைப் பொக்கையாக்கியிருக்கிறது! ஆட்டம் காரையை எடுத்ததால் வருவதல்ல. எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரை பற்களைச் சேர்த்துப் பிடித்து அதை மறைத்திருக்கும்.

ஆச்சி துண்டை மடித்து பேசினில் விரித்தார், கைதவறி விழுந்தாலும் செட் உடையாதிருக்க. அதை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொரு இடுக்காகத் தேய்த்துக் கழுவினார். பிறகு வேறொரு பிரஷ்ஷால் மிச்சமிருக்கும் சொந்தப் பற்களை விளக்கினார்: வெளிப்புறம், உட்புறம், கடைசிக் கடைவாய், நாக்கு. ரயில் ஆட்டத்திலும் அவசரமே இல்லை. அந்த மனிதர் நகராமல் நின்று பார்த்தார்.

“எங்க போயி காட்டணும் ஆச்சி?”

“ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில பல்லுக்குன்னு தனியா பாக்காங்க. காலையிலயே போயி சீட்டு போட்டுரு. சுகர் இருந்தா அதயும் சொல்லிரு, அதுக்கும் ஈறுக்கும் ரொம்ப சம்பந்தம் உண்டுன்னாங்க.”

“போன வருசத்துல இருந்து மாத்திர போடுதேன்” என்றார் அவர்.