என் நிரலுக்கு நான் வைத்த தேர்வு

பள்ளி விடுமுறையில் தொடங்கிய வேலையொன்று பள்ளி திறந்தும் முடியவில்லை. அதனால்தான் இப்பக்கம் சில வாரங்களாக வெறுமையாகக் கிடந்தது. வாசகர்கள் பொறுத்தருள்க.

2003 முதல் நான் சேர்த்து வைத்த பயிற்சித் தாள்கள் திஸ்கி குறியீட்டில், இணைமதி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, சொல்வதெழுதுதல் புதிராக்கி, மாணவர் தட்டும் விடையைச் சரிபார்க்க 2011இல் பைத்தான் மொழியில் ஒரு நிரல் எழுதினேன். நிரலாக்கம் நான் முறையாகக் கற்ற கலையன்று. 400 வரிகளும் ஒரே செயற்கூறாகக் கிடந்தன. பைத்தான் 2க்கான ஆதரவு 2020இல் முடிந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட இயலாதென்று இவ்விடுமுறையில் அதைப் பிரித்து மேய உட்கார்ந்தேன்.

பழைய நிரலைச் சீரமைக்குமுன் அலகுச் சோதனைகள் எழுத வேண்டும் என்பார்கள். ஒரு சிறு செயற்கூறுக்கு ஓர் உள்ளீட்டைக் கொடுத்து, வரவேண்டிய விடை வருகிறதா என்று கணினியையே பார்க்கச் செய்வது அலகுச் சோதனை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தேர்வுத்தாள் தயாரிப்பவளுக்கு இது பெரிதா என்று எண்ணிக்கொண்டேன். 40 சோதனைகள் எழுதினேன். நாற்பதும் தேறின. பள்ளி திறந்ததும் புதிய நிரலை ஆண்டு 3 மாணவர்களுக்குக் கொடுத்தேன்.

"டீச்சர், நான் சரியாத்தான் எழுதினேன். தப்புன்னு வருது," என்றாள் ஒரு மாணவி. திரையில் 'கொடி' என்றிருந்தது. சரியான விடையென நிரல் காட்டியதும் 'கொடி'தான். நான் பார்த்தவரை இரண்டும் ஒன்றே.

அன்றிரவு காரணம் தெரிந்தது. திஸ்கியில் கண் காணும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்படும்: முதலில் ஒற்றைக்கொம்பு, பின்னர் ககரம், பின்னர் துணைக்கால். ஒருங்குறியில் ககரம் முதலில் வரும். அதன்பின் கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி வரும். அக்குறியின் எண் 0பிசிஏ. ஆனால் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே 'கொ'தான் தெரியும். பழைய நிரலின் இறுதியில் இவ்விரண்டையும் இணைக்கும் வரியொன்று இருந்தது. பயனற்ற வரியென்று எண்ணி அதை நான்தான் நீக்கியிருந்தேன். மாணவி தட்டியது ஒரு குறி; என் விடையில் இருந்தது இரண்டு குறி.

அப்படியானால் 40 சோதனைகளும் ஏன் பிடிக்கவில்லை? எதிர்பார்க்கும் விடையையும் அதே மாற்றுச் செயற்கூறின் வழியாகவே நான் பெற்றிருந்தேன். மாணவனே விடைத்தாளைத் தயாரித்து, அவனே திருத்திக்கொண்டதைப் போன்றது அது. பயிற்சிக் கல்லூரியில் இப்படியொரு தேர்வைத் தயாரித்திருந்தால் விரிவுரையாளர் தாளை என் மேசைக்கே திருப்பி அனுப்பியிருப்பார்.

மீண்டும் தொடங்கினேன். மைக்கேல் ஃபெதர்ஸ் 2004இல் பழைய நிரல்களைக் கையாள்வது பற்றி எழுதிய நூலில் ஒரு வழி கூறுகிறார்: எதையும் தொடுமுன், பழைய நிரல் இப்போது என்ன தருகிறதோ அதை அப்படியே பதிந்து சோதனையாக்கு. அவ்வாறே செய்தேன். மாற்றத்தால் எது கெடுகிறது என்பது உடனே தெரிந்தது. ஆயினும் பழைய பிழைகளும் அப்படியே பதிவாகிவிட்டன. அக்காலத்தில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தையே தட்டியிருக்கிறேன். ஆகவே கொம்பு, மெய், ளகரம் வந்தால் ஔகாரமாக்கு என்று நிரலில் எழுதியிருந்தேன். 'மௌனம்' சரியாக வந்தது. 'வெள்ளம்', 'தெளிவு' இரண்டும் உள்ளுக்குள் சிதைந்திருந்தன. பதினான்கு ஆண்டுகளுக்குக் குறையாமல் சிதைந்திருந்தும் பார்வைக்குத் தெரியவில்லை!

எனவே இரண்டாவது தொகுதி ஒன்று தேவைப்பட்டது. அதில் விடைகளை நிரலிடம் கேட்கவில்லை. எழுத்தெழுத்தாகக் குறியெண்களைக் கையால் எழுதினேன். ளகரத்தின்மேல் புள்ளியோ உயிர்க்குறியோ இருந்தால் அது ளகரமே என்ற விதிக்கு ஒரு சோதனை. ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொணர்வதற்கு ஒன்று. ஒரு கேள்வி ஒரு திறனை மட்டுமே சோதிக்கட்டும் என்று ஜே.எஸ்.யூ. அட்டவணை போடும்போது நாம் சொல்வதில்லையா, அதையே இங்கும் பின்பற்றினேன். சோதனைகளுக்குத் தமிழிலேயே பெயரிட்டேன் (பைத்தான் 3 அதை ஏற்கிறது). 'சோதனை 17 தவறியது' என்பதைவிட 'கொம்பும்_காலும்_இணைதல் தவறியது' என்பது எவ்வளவோ உதவி. புதிதாக எழுதிய ஒவ்வொன்றையும், நிரலை வேண்டுமென்றே கெடுத்து, முதலில் ஒருமுறை தவறவிட்டேன். தவறத் தெரியாத சோதனையை இப்போது நான் நம்புவதில்லை.

அந்த வாரத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். சரியான விடைகள் 11 தவறெனக் குறிக்கப்பட்டிருந்தன. புள்ளிகளை மாற்றிவிட்டு அம்மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்களைக் கேட்டு வாங்கினேன். ஒரு பையன் 'கொடி'யை அடித்துவிட்டு, பிழைதிருத்தமாக 'கோடி' என்று ஐந்து முறை எழுதி வைத்திருந்தான். ஏனென்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர் தப்புன்னு சொல்லிச்சு டீச்சர்," என்றான்.

ஐந்தின்மேலும் நானே கோடு போட்டு, அருகில் 'ஆசிரியரின் பிழை' என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.