வீட்டு வரியும் தெருமுனைப் பள்ளியும்

குகை, சேலம்
12.4.2025

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. வெயில்தான் இப்பவே மண்டையைப் பிளக்கிறது. நாலு நாள் ஏற்காட்டில் போய் இருக்கலாமா என்கிறார் உன் மாமா.

போனில் நீ கத்தினபோது அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் பதில் பேசவில்லை. "நம்ம பிள்ளைங்க ஒண்ணுகூட கார்ப்பரேஷன் ஸ்கூல்ல படிக்கல, வீட்டு வரியோட கல்விக்குன்னு வேற எதுக்கு வரி?" என்று கேட்டாயே, கேட்கிற ஆள் யாரடா? அஞ்சாவது வரை அதே தெருமுனைப் பள்ளியில் மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தவன்! எதிர்வீட்டு ரங்கம்மா ஆயாவுக்குப் பிள்ளை குட்டியே கிடையாது. நீ படித்த காலத்தில் அவள் கட்டின வரியிலும்தான் அந்தப் பள்ளி நடந்தது.

இந்த வரி இன்றைக்கு நேற்று வந்ததில்லை. தொடக்கக் கல்விக்கு நகராட்சிகள் வரி போடலாம் என்று 1920-லேயே சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. நூலக வரியும் அப்படித்தான். நம்ம திருப்பூர்க்காரர் அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-ல் வந்த சட்டம். இப்போது வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. நீ வேலைக்குப் பரீட்சை எழுதப் படித்ததெல்லாம் எந்த நூலகத்தில் என்று நான் சொல்லணுமா?

டெக்சாஸில் உன் வீட்டு வரியில் பாதிக்கு மேல் பள்ளிக்கே போகிறது என்று நீதான் சொன்னாய். அங்கே முணுமுணுக்காமல் கட்டுகிறாய். ஆனால் அதிலும் ஒரு சங்கடம் இருக்கிறதாம். சட்டக் கல்லூரியில் படிக்கிறாளே உன் மருமகள், அவள் சொன்னாள். வீடு விலை போகாத பகுதியில் பள்ளியும் காய்ந்து கிடக்கும். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் பகுதிப் பெற்றோர் இதற்காக வழக்குப் போட்டு, 1973-ல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்களாம்.

இங்கே வாத்தியார் சம்பளம் அரசாங்கத்துப் பொறுப்பு. கொல்லிமலையில் வேலை பார்த்தாலும் அஸ்தம்பட்டியில் வேலை பார்த்தாலும் ஒரே சம்பள விகிதம்தான். கட்டடம், பெஞ்சு, கழிப்பறை, சுற்றுச்சுவர் மாதிரி வேலைகளுக்குத்தான் நம் வரி. நாம் கட்டாவிட்டாலும் வாத்தியார் வருவார், கழிப்பறையில் தண்ணீர் வராது. பொம்பளைப் பிள்ளைகள் படிக்கிற இடத்தில் அது சின்ன விஷயமா?

2022-ல் வரி ஏற்றினது உனக்கு உறுத்துகிறது, தெரியும். நம் வீடு 1,200 சதுர அடிக்குள் இருப்பதால் 50 சதவீதத்தோடு போச்சு. 1,800-க்கு மேல் கட்டினவர்களுக்கு 100 சதவீதம்.

என் கவலை வேறே. நாமக்கல் பக்கம் ஹாஸ்டல் பள்ளிக்கு லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள்தான் இந்த வரிக்கு மூக்கால் அழுகிறார்கள். அவர்கள் பிள்ளை இங்கே படிக்காததால் இந்தப் பள்ளியைப் பற்றிக் கேட்பதுமில்லை. தறிக்காரரும் வெள்ளிப் பட்டறைக்காரரும்தான் பிள்ளையை அனுப்புகிறார்கள், அவர்கள் கேட்டால் காதில் போட்டுக்கொள்ள ஆளில்லை. கட்டுகிற நாமாவது வாயைத் திறக்க வேண்டாமா?

இந்த மாதம் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. ஆன்லைனிலேயே கட்டு. ரசீதை வாட்ஸ்அப்பில் அனுப்பு. பள்ளிக்கு இந்த வருஷம் என்ன செய்யப் போகிறார்கள் என்று கவுன்சிலரிடம் அதைக் காட்டிக் கேட்கப் போகிறேன். உன் பெயரையும் சேர்த்துச் சொல்வேன், சிணுங்காதே.

வேளா வேளைக்குச் சாப்பிடு. பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா