ஒரு சொட்டுப் பசை

தெரியாமல் செய்யவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எங்காவது நான் தெரியாமல் செய்ததுபோலத் தோன்றினால், அதை நம்பாதீர்கள்.

மதுரையில் பழைய பேஸ் கிட்டார்களை வாங்கிச் சரிசெய்து விற்கிறேன். கடை கிடையாது. அரசரடிப் பக்கம் வீட்டு மாடியில் ஒரு அறை. சால்டரிங் அயர்ன், அரம், ஆலன் கீ, டியூனர், ஒரு சின்ன ஆம்ப். என்னிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. சர்ச்சில் வாசிக்கிற பையன்கள். திருவிழாக் கச்சேரிக்குப் போகிற ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள். புது ஐபனெஸோ யமஹாவோ வாங்க வசதியில்லாதவர்கள்தான் மாடிப்படி ஏறுகிறார்கள்.

இந்தத் தொழிலில் முதலீடு பணம் இல்லை. விற்க வருகிறவருக்குச் சாமானின் மதிப்பு தெரியாது. வாங்க வருகிறவருக்கு அதன் கோளாறு தெரியாது. நடுவில் இருக்கிற எனக்கு இரண்டும் தெரியும். என் லாபம் அதில்தான் இருக்கிறது. என் குற்றமும் அதிலேதான்.

ஒரே ஒரு கிட்டாரைப் பற்றிச் சொல்கிறேன். அதை வைத்து இரண்டு பேரை ஏமாற்றினேன். இடையில் அதையும் கெடுத்தேன்.

செல்லூரில் ஒரு பெரியவர். எண்பதுகளில் லைட் மியூசிக் பார்ட்டிகளில் பேஸ் வாசித்தவர். சர்க்கரை நோயால் விரல் நுனிகள் மரத்துவிட்டன. இனி வாசிக்க முடியாது என்று விற்கக் கூப்பிட்டிருந்தார். கேஸைத் திறந்தார். ஜப்பானில் செய்த யமஹா. பி.பி. வரிசை. 1977-ல் தொடங்கிய வரிசை அது. அதில் இது நெக்கும் உடலின் நடுப்பகுதியும் ஒரே கட்டையாக ஓடும் மாதிரி. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலத்தில் சிங்கப்பூரிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்ததாம். அத்தனை வருஷம் கச்சேரிக்குப் போய்வந்தும் நெக் வளையவில்லை.

"தம்பி, நீயே ஒரு விலை சொல்லு. இப்ப என்ன போகுதுன்னு எனக்கென்ன தெரியும்" என்றார்.

என்ன போகும் என்று எனக்குத் தெரியும். பொறுமையாக விற்றால் ஐம்பதாயிரத்துக்குக் குறையாது.

"ரொம்பப் பழைய மாடலுங்கய்யா. பார்ட்ஸ் கிடைக்காது. ஏழாயிரம் தர்றேன்" என்றேன்.

அவர் பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் பத்து வரைக்கும் போயிருப்பேன். "கேஸையும் எடுத்துக்க, எனக்கெதுக்கு" என்றார். பிரிக்காத ஒரு செட் கம்பியையும் உள்ளே வைத்தார். "வாசிக்கிறவன் கையிலயே குடுப்பா" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சரியென்று தலையாட்டினேன். பைக்கில் வரும்போது எனக்கு உறுத்தவே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்தக் கிட்டாரை அப்படியே விற்றிருந்தால் பெரியவரை ஏமாற்றியதோடு முடிந்திருக்கும். எனக்கு வேறு ஆசை வந்தது. பேர் வாங்கும் ஆசை.

இளையராஜாவின் 'அன்னக்கிளி' வந்த அதே 1976-ல் அமெரிக்காவில் ஜாக்கோ பஸ்டோரியஸின் முதல் ஆல்பம் வந்தது. ஃபிரெட் என்கிற குறுக்குப் பட்டைகள் இல்லாத பேஸின் குரலை உலகம் முழுக்கக் கேட்க வைத்த ஆல்பம். ஜாக்கோ தன் ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃபிரெட்களைப் பிடுங்கிவிட்டு, படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார் என்பது பேஸ்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடமான கதை. மதுரையில் என்னிடம் மட்டும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். செய்யப்போகிறேன் என்று நாலு பேரிடம் சொல்லியும்விட்டேன். சொன்னபிறகு அவசரம் வந்துவிட்டது.

ஃபிரெட் பிடுங்குவது நிதானமான வேலை. ஒவ்வொரு ஃபிரெட்டையும் சால்டரிங் அயர்னால் சூடேற்ற வேண்டும். அடியிலுள்ள பசை இளகிய பிறகு, முனை தட்டையாகத் தேய்த்த கட்டரால் மெல்ல நெம்ப வேண்டும். காடியில் மெல்லிய மரச்சீவல் வைத்து ஒட்ட வேண்டும். பலகைக்குக் குறுக்கே ஒரு வளைவு உண்டு. அதே வளைவுள்ள கட்டையை வைத்துத்தான் தேய்க்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். முதல் இரண்டு ஃபிரெட்டைத்தான் சூடேற்றினேன். மற்றதை அப்படியே இழுத்தேன். ரோஸ்வுட் பலகை சில்லுசில்லாகப் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் எம்-சீல் அடைத்தேன். தட்டைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தேன். வளைவு போயிற்று. கம்பி போட்டு வாசித்தால் பாதி இடத்தில் ஸ்வரம் செத்து விழுந்தது. நான் சொல்லிவைத்த நாலு பேரில் ஒருவன் கேட்டுவிட்டு, "நல்லாத்தானண்ணே இருந்துச்சு?" என்றான்.

மறுபடி காடி அறுத்துப் புது ஃபிரெட் அடித்தேன். எம்-சீல் நிரம்பிய காடியில் ஃபிரெட் கடித்து நிற்காது. ஃபெவிகுயிக் விட்டு உட்காரவைத்தேன். இத்தனையும் பிடுங்கி, அறுத்து, அடித்ததில் நெக் முன்பக்கம் வளைந்துவிட்டது.

நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்று ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. பேஸின் நான்கு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிராக நெக்கை நிமிர்த்திப் பிடிப்பது ராட்தான். கம்பியைத் தளர்த்திவிட்டு, ராடைக் கால் சுற்று முறுக்கி, ஒரு நாள் விட்டு, மறுபடி பார்க்க வேண்டும். நான் கம்பியைத் தளர்த்தவில்லை. முறுக்கினேன். இறுகியது. அதற்கு மேல் போகாது என்று கை சொன்னது. ஆலன் கீயில் ஒரு பைப்பை மாட்டி இன்னும் முறுக்கினேன். 'டக்' என்றது. அதன்பிறகு கீ எந்தப் பக்கமும் சும்மா சுற்றியது.

நெக்கைத் தனியாகக் கழற்ற முடிகிற கிட்டாராக இருந்தால் வேறு நெக் மாட்டலாம். இதில் நெக்கும் உடலும் ஒன்று. அந்தக் கிட்டாரின் ஆயுசு அன்றோடு முடிந்தது. அதை விறகாகவோ பாடம் சொல்லவோ வைத்துக்கொண்டிருக்கலாம். நான் அதை விற்கத் தயார்செய்தேன்.

இந்த இடத்தில் நிதானமாகப் படியுங்கள். ஃபிரெட்டைப் பிடுங்கியது ஆணவம். ராடை உடைத்தது அவசரம். இனி வருவது இரண்டும் அல்ல.

40–95 செட் கம்பி போட்டேன். மெல்லிய கம்பி, இழுப்புக் குறைவு. ராட் இல்லாமலும் நெக் சில வாரம் தாக்குப்பிடிக்கும். தலைப்பகுதியில் ராடின் வாயை மூடுகிற சின்ன பிளாஸ்டிக் கவர் உண்டு. அதைத் திறந்து கீ போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கவரின் அடியில் ஒரு சொட்டு ஃபெவிகுயிக் விட்டு ஒட்டினேன். மேலே திருகுகளை மாட்டினேன். துணியால் துடைத்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். விலை இருபத்திரண்டாயிரம். பணம் அவனுடையதில்லை. பார்ட்டி ஓனர் கொடுத்த அட்வான்ஸ். ஒவ்வொரு கச்சேரிப் பேமென்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. இதை அவனே என்னிடம் சொன்னான். கிட்டாரைத் தூக்கிக் கண்ணருகே வைத்து நெக்கை நீளவாக்கில் பார்த்தான். யாரோ அப்படிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்லித்தரவில்லை.

"நெக் நேரா இருக்குல்லண்ணே?"

"பாத்துட்டியே. பெறகென்ன?" என்றேன்.

வாயால் பொய் சொல்லவில்லை என்று அப்போது என்னை நானே மெச்சிக்கொண்டேன். "கச்சேரிக்கு 45–105 போட்டுக்கலாமாண்ணே?" என்று அடுத்துக் கேட்டான். கனமான கம்பி போட்டால் நெக் தாங்காது என்று தெரியும். "தாராளமா" என்றேன். அது வாயாலேயே சொன்ன பொய்.

சித்திரையில் கச்சேரிகள் தொடங்கின. அங்கே நான் இல்லை. நடந்ததைப் பின்னால் அவன் சொல்லித்தான் தெரியும். பொட்டலில் மேடை. பகலெல்லாம் வெயிலில் நின்ற வேனுக்குள் கிடந்த கிட்டார். மேடையில் ஃபோகஸ் லைட்டின் சூடு. நெக் வளைந்து கம்பி பலகையிலிருந்து எழும்பிவிட்டது. அமுக்கினால் சுருதி ஏறியது. நடுவில் ஒரு ஃபிரெட் பசைவிட்டுக் கிளம்பிக் கம்பியைத் தட்டியது. வாசிக்க வேண்டியது இளையராஜா பாட்டு. அவர் பிறந்த பண்ணைப்புரம் பழைய மதுரை மாவட்டம்தான்; தேனி பின்னால்தான் தனி மாவட்டமானது. இந்தச் சனத்துக்கு அந்தப் பாட்டுகளின் பேஸ் அத்துப்படி. ராஜாவின் பேஸ்காரர் சசிதரன் வாசித்த லைனை வாயாலேயே பாடிக்காட்டுகிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். "பேஸ்காரத் தம்பிக்கு என்னாச்சு?" என்று ஒருவர் சத்தம் போட, கூட்டம் சிரித்திருக்கிறது.

ஓனர் பையனை உட்காரச் சொல்லிவிட்டார். மிச்சப் பாட்டுக்கெல்லாம் கீபோர்டுக்காரர் இடது கையால் பேஸ் வாசித்தார். போதுமானதாக இருந்தது. அதுதான் வினை. ஓர் ஆளின் பேமென்ட் மிச்சம் என்பது ஓனருக்கு அன்றைக்குப் புரிந்தது. அந்தப் பார்ட்டியில் பேஸ் வாசிக்கிற இடமே இல்லாமல் போனது. அட்வான்ஸ் கடன் மட்டும் நின்றது. அதைக் கழிக்கப் பையன் அதே பார்ட்டியில் ஸ்பீக்கர் ஏற்றி இறக்கினான். அவன் வாசிக்க வேண்டிய மேடைக்கு அவனே பாக்ஸ் சுமந்தான்.

ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கிட்டாரைக் கொண்டுபோயிருக்கிறான். கவர் வரவில்லை. நெம்பியதில் உடைந்து வந்தது. உடைந்த துண்டோடு என் மாடிக்கு வந்தான். அடியில் பசை வெள்ளையாகப் பூத்திருந்தது.

"கவர எதுக்குண்ணே ஒட்டுனீங்க?"

சத்தம் போடவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ராட் உடைந்ததற்கு நான் சாக்குச் சொல்லலாம். வெயில் எனலாம், கனமான கம்பி எனலாம். பசைக்கு என்ன சொல்வது? உடைந்தது எனக்குத் தெரியாது என்றால் கவரை ஒட்டியிருக்கவே மாட்டேன். "கழண்டு விழுந்துரக் கூடாதுன்னுதான்" என்றேன். "வித்ததுக்கப்புறம் என்கிட்ட வராத" என்றும் சொன்னேன். அவன் கிட்டாரை என் அறையிலேயே வைத்துவிட்டுப் படியிறங்கினான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். உடனே இல்லை. சீசன் முடிந்த பிறகு. அதுவும் மனம் திருந்தியதால் மட்டுமல்ல. விஷயம் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் மத்தியில் பரவி என் வியாபாரம் படுத்ததும் ஒரு காரணம். எது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பணம் வாங்கிக்கொண்டான். போன சீசனை என்னால் கொடுக்க முடியாது.

நான் மறைத்ததை உங்களிடம் சொல்கிறேன். பழைய பேஸ் வாங்கப் போனால் ராட் கவரைத் திறக்கச் சொல்லுங்கள். கீ போட்டு இரண்டு பக்கமும் கால் சுற்று திருப்பச் சொல்லுங்கள். கைக்குப் பிடிப்புத் தெரிய வேண்டும். கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அமுக்கி, நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையலாம், அதிகம் வேண்டாம். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் அமுக்கிய ஸ்வரத்தையும் டியூனரில் ஒப்பிடுங்கள். போட்டிருக்கும் கம்பி என்ன கனம் என்று கேளுங்கள். விற்கிறவர் மறுத்தால், மழுப்பினால், எழுந்து வாருங்கள். என்னிடம் வாங்க வந்தாலும் இதையே செய்யுங்கள். நான் திருந்திவிட்டேன் என்ற நம்பிக்கையில் எதையும் வாங்காதீர்கள்.

பெரியவர் விஷயம் பாக்கி. பையன் கிட்டாரை வைத்துவிட்டுப் போன பிறகு ஒருநாள் சிம்மக்கல்லில் அவரைப் பார்த்தேன். "என் பேஸு எங்கிட்டுப்பா இருக்கு? வாசிக்கிறாங்களா?" என்று கேட்டார். "சென்னையில ஒரு பையன் வாசிக்கிறான்யா. பிரமாதமா வாசிக்கிறான்" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கிட்டார் அப்போது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இன்றும் அங்கேதான் கிடக்கிறது.

அவருக்கு நான் கொடுக்க வேண்டியது நாற்பதாயிரத்துக்கு மேல். பணத்தை எப்படியாவது புரட்டிவிடலாம். தடுப்பது பணமில்லை, பயம். ஏழாயிரத்துக்கு வாங்கியதை மன்னித்துவிடுவார். கேஸைத் திறந்து பலகையைப் பார்த்தால் என்ன செய்வார் என்று தெரியவில்லை. அவர் பத்திரிகை படிக்கிறவர் இல்லை. அது தெரிந்துதான் அவர் வீட்டுப் படியேறாமல் இங்கே உட்கார்ந்து எழுதுகிறேன். தீர்ப்புச் சொல்லும்போது அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.