தட்டினால் வருமா மீன்?

டெக்ஸோமா ஏரியில் படகு கிளம்பியபோது காலை ஏழேகால். டிசம்பர். முந்தின நாள் முழுக்க வாடை அடித்து ஓய்ந்ததில், வானம் துலக்கி வைத்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. பொட்டு மேகமில்லை. "நல்ல நாளா அமைஞ்சிருச்சு அத்தான்" என்றான் என் மனைவியின் தம்பி. படகுக்காரர் அவன் முகத்தைப் பார்த்தே அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். வாடைக்கு முந்தின நாள் வந்திருந்தால் மீன் கைக்கே வந்திருக்குமாம். வாடை கடந்த மறுநாள் அடியில் போய் ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்காதாம்.

பணம் கட்டி ஏறிய பிறகு இதைச் சொல்கிறார்.

நாங்கள் தேடிப் போனது ஸ்ட்ரைப்பர் என்ற மீனை. நம்மூர் கொடுவாவுக்கு நேரடிச் சொந்தமில்லை, ஆனால் வாட்டசாட்டத்தில் அதே சாயல். வெள்ளி விலாவில் தலை முதல் வால் வரை ஏழெட்டுக் கருங்கோடுகள். அட்லாண்டிக் கடல் மீன் இது. முட்டையிட மட்டும் ஆறுகளுக்குள் ஏறும். 1940களில் தென் கரோலினாவில் அணை கட்டியபோது உள்ளே மாட்டிக்கொண்ட கூட்டம் நன்னீரிலேயே பெருகிவிட்டது. அதைப் பார்த்துத்தான் மற்ற மாநிலத்தாரும் ஏரிகளில் குஞ்சு விட ஆரம்பித்தார்கள். பெரும்பாலான ஏரிகளில் வருஷா வருஷம் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஏனென்றால் முட்டை பொரியும்வரை, ஏறக்குறைய இரண்டு நாள், ஓடும் நீரில் மிதந்துகொண்டே போக வேண்டும். தரை தட்டினால் செத்துவிடும். டெக்ஸோமாவுக்கு அந்தக் கவலை இல்லை. செவ்வாறும் வாஷிட்டா ஆறும் முட்டையைச் சுமந்து வரும் அளவுக்கு நீளமானவை. 1965இல் விட ஆரம்பித்த மீன், இப்போது தன் பாட்டுக்கு இனம் பெருக்கிக்கொள்கிறது.

ஏரி என்றால் நம் கண்மாய் கணக்கில் நினைக்கக் கூடாது. 1944இல் டெனிசன் அணை கட்டி முடித்ததும் டெக்ஸஸ், ஓக்லஹோமா இரண்டு மாநில எல்லையையும் நனைத்துக்கொண்டு 89,000 ஏக்கர் தண்ணீர் தேங்கியது. சில பழைய ஊர்கள் அடியில் கிடக்கின்றன. இத்தனை தண்ணீரில் மீன் எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை.

முதலில் பறவை. படகுக்காரர் தொலைநோக்கியை எடுத்துக் கரைக்கு இரண்டு மைல் தள்ளிப் பார்த்தார். கடற்காகங்கள் உயரத்தில் வட்டமடித்தால் அவையும் நம்மைப் போலத் தேடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தாழப் பறந்து தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தால் கீழே ஸ்ட்ரைப்பர் கூட்டம் சின்ன மீனை மேலே விரட்டிக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு இரண்டும் இல்லை. முப்பது நாற்பது பறவைகள் தண்ணீர்மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. நான் கைவிட்டேன். அவர் படகை அங்கேதான் திருப்பினார். சாப்பாடு கடைசியாகக் கிடைத்த இடத்தை விட்டு அவை போகாதாம். பந்தி முடிந்தும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் மாதிரி.

இங்கே ஸ்ட்ரைப்பரின் சோறு ஷாட் என்கிற மீன், நம் மத்தியின் இனம். அதில் ஒரு வகைக்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 7 டிகிரி செல்சியஸை நெருங்கினால் கொத்துக் கொத்தாகச் சாகும். அன்று படகின் திரையில் 10 டிகிரி. குளிருக்குப் பயந்து ஷாட் ஆழத்துக்கு இறங்கியிருக்கும், அதன் பின்னால் ஸ்ட்ரைப்பரும் போயிருக்கும்.

பறவைகளுக்கு நூறடி தள்ளி மோட்டாரை அணைத்தார். படகு நகராமல் இருக்க நங்கூரம் இல்லை. முன்னால் ஒரு மின்மோட்டார், செயற்கைக்கோள் சொல்லும் புள்ளியிலேயே தானாகச் சுழன்று பிடித்துக்கொள்கிறது. சோனார் திரையில் 42 அடி. அடியில் தடித்த மஞ்சள் பட்டை. அதற்கு ஒரு முழம் மேலே, கோடு போட்ட நோட்டின் வரிகள் மாதிரி, நீளநீளமாக நாலைந்து கோடுகள். அசையாமல் நிற்கும் மீன் இப்படித்தான் விழுமாம். மேலேறும் மீன் சாய்கோடு போடும்.

ஆக, மீன் இருக்கிறது. ஆனால் மீன்பாடு இல்லை. வெள்ளை வண்ணம் பூசிய ஈயக்கட்டியைத் தரைவரை இறக்கி, ஓரடி தூக்கி, விட்டு, மறுபடி தூக்கி... நாற்பது நிமிஷம். மாப்பிள்ளை போனை எடுத்துவிட்டான்.

அப்போதுதான் அவர் அந்தக் குழாயை எடுத்தார். நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் மாதிரி பிவிசி, இடுப்புயரம், அடியில் ரப்பர் மூடி. படகின் தரையில் தொம்... தொம்... தொம்... என்று ஒரே கதியில் குத்த ஆரம்பித்தார். உள்ளங்காலில் அதிர்வு ஏறியது.

எனக்குச் சிரிப்பு. புன்னைக்காயல் முகத்துவாரத்தில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வலையை வளைத்துப் போட்டுவிட்டு, படகு விளிம்பைத் துடுப்பால் தட்டுவார்கள். மிரண்ட மடவை ஓடிப்போய் வலையில் மாட்டும். அங்கே தட்டினால் மீன் ஓடும், இங்கே தட்டினால் மீன் வருமா?

திரையைப் பார்க்கச் சொன்னார். பத்து நிமிஷத்தில் நாலைந்து கோடு பதினைந்தாகியிருந்தது. இரண்டு மேல்நோக்கிச் சாய்ந்து, பாதி வழியில் நின்று, மறுபடி தாழ்ந்தன. தண்ணீரில் சத்தம் காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போகும். போதாததற்கு, மெல்லிய அதிர்வையும் வாங்கிக்கொள்ள மீனின் விலாவில் ஒரு நரம்புக் கோடு இருக்கிறது. எங்கோ கூட்டமாகச் சாப்பிடுகிற அமளி என்று நினைத்து வருகின்றன என்பது படகுக்காரரின் கட்சி. சத்தத்தை நம்பியவர் அவர் மட்டுமில்லை. 2011 ஆகஸ்டில் கனெக்டிகட் கடலோரம் கிரெக் மையர்சன் 81.88 பவுண்டு, அதாவது 37 கிலோவுக்கு ஒரு ஸ்ட்ரைப்பர் பிடித்தார். உலக சாதனை. இரை உயிர் விலாங்கு. கூடவே அவர் கட்டியிருந்தது, சிங்கி இறால் எழுப்பும் ஓசைபோல் கிலுகிலுக்க அவரே செய்த ஈயக்குண்டு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தட்டியதற்கு வந்தன, கடிக்கவில்லை. கல்யாண வீட்டு வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றாமல் நிற்கும் பங்காளிகள்.

படகின் பின்மூலையில் ஒரு தூண்டில் கம்பு, கிளம்பியதிலிருந்து யாரும் தொடாமல் தாங்கியில் சாய்ந்து கிடந்தது. நாலு அங்குல ரப்பர் மீன், தரைக்கு மூன்றடி மேலே, சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. படகு அலையில் அசைவதே அதற்கு அசைவு. நாங்கள் ஈயத்தைத் தூக்கித் தூக்கிப் போட்ட நேரமெல்லாம் அது ஒன்றும் செய்யவில்லை. ஒன்பதே கால் இருக்கும். அதன் நுனி ஒரு தடவை தலையாட்டியது. காற்று என்று நினைத்தேன். "தொடாதே" என்று கையைக் காட்டினார். இன்னொரு சின்ன ஆட்டம். பிறகு கம்பு மெதுவாக, எருமை குளத்துக்குள் இறங்குவது போல, வளைந்துகொண்டே போய் நுனி தண்ணீரைத் தொட்டது. "இப்ப!"

எடுத்தேன். வெட்டி இழுக்கவில்லை, சும்மா தூக்கினேன். தூண்டில் நரம்பு கிறீச்சிட்டுக்கொண்டு ஓடியது. ஐந்து நிமிஷத்தில் வலைக்கரண்டிக்குள் வந்தது. குளிரில் மீனின் உடம்பு என் கையைவிடச் சூடாக இருப்பதுபோல் தோன்றியது. அளவுகோலில் 21 அங்குலம். ஒரு ஆளுக்கு நாளைக்குப் பத்து மீன் வைத்துக்கொள்ளலாம், அதில் 20 அங்குலமும் அதற்கு மேலும் இரண்டுதான். சட்டத்தை மீறும் ஆபத்து எங்களுக்கு வரவில்லை. எல்லாக் கம்பையும் தாங்கியில் சாய்த்து, ஈயத்தைக் கழற்றி ரப்பரை மாட்டி, அவர் குழாயைக் குத்த, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பதினோரு மணிவரை கிடைத்தது மொத்தம் மூன்று.

கரையில் மீன் வெட்டும் மேடை. படகுக்காரர் இரண்டு பக்கச் சதையை அரிந்து, அதில் ஓடும் சிவப்புத் தசையையும் சீவியெறிந்துவிட்டு, தலையைக் கூடையில் போடப் போனார். மாப்பிள்ளை பாய்ந்து தடுத்தான். தலை எதற்கு என்று விளக்க அவனுக்கு ஆங்கிலம் போதவில்லை. பையில் வாங்கிக்கொண்டான்.

மூன்றாவது மீனின் வயிற்றை அவரே கீறிப் பார்த்தார். உள்ளே அரைகுறையாகச் செரித்த இரண்டு ஷாட், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதிகூட இல்லை. ஒன்றை எடுத்துத் தன் நாலு அங்குல ரப்பர் மீனுக்குப் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களை மறந்துவிட்டு, இரைப்பெட்டியைத் திறந்து, நாளைய சவாரிக்கான ரப்பர் மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பலகையில் வைத்து நறுக்கத் தொடங்கினார்.