ஒரு கொசுக்கடியின் பத்து நாள்கள்

கொசுக்கடி எல்லாருக்கும் பொதுவானது எனினும், அதற்கு உடல் காட்டும் எதிர்வினை ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. சிலருக்கு மிளகளவு தடிப்போடு முடிவது, வேறு சிலருக்கு, குறிப்பாகச் சிறு குழந்தைகளுக்கு, கால் முழுதும் வீங்கிக் காய்ச்சல் காணும் அளவுக்குப் போகிறது. அந்த வீக்கம் ஒவ்வாமையா, கிருமித்தொற்றா என்பதை அதன் தோற்றத்தைவிட அது எழுந்த நேரமே தெளிவாகக் காட்டும் என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையில் கடிபடும் ஒரு குழந்தையின் காலில் நிகழக்கூடியவை இங்கே நாள்வாரியாகக் குறிக்கப்படுகின்றன.

நவம்பர் 3, மாலை

கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டைகளின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதத்தை அது இரத்தத்திலிருந்து பெறுகிறது. ஆறு நுண்ணூசிகள் சேர்ந்த அதன் உறிஞ்சுகுழல் தோலுக்குள் இறங்கும்போது, இரத்தம் உறையாமலும் இரத்தக்குழாய் சுருங்காமலும் பார்த்துக்கொள்ளும் புரதங்கள் நிறைந்த உமிழ்நீரும் உள்ளே செல்கிறது. உடல் எதிர்ப்பது இந்த உமிழ்நீரைத்தான். முன்பே கடிபட்ட உடலில் அப்புரதங்களை அடையாளம் காணும் 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்னும் எதிர்ப்பொருள் உருவாகியிருக்கும். அது தோலிலுள்ள மாஸ்ட் செல்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமின் என்னும் வேதிப்பொருளை வெளியிட, ஏறக்குறைய 20 நிமிடங்களில் தடிப்பும் சிவப்பும் அரிப்பும் உச்சம் அடைகின்றன.

கடிவாயைச் சோப்பிட்டுக் கழுவி, துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் ஒற்றி, காலமைன் தடவுவது பெரும்பாலோர்க்குப் போதும். அரிப்பு மிகுந்தால், செட்டிரிசின் போன்ற, தூக்கக் கலக்கம் குறைவாகத் தரும் ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தை வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் மருத்துவரிடம் கேட்டுத் தரலாம். கடிபட்ட நேரத்தைக் குறித்து வைக்க வேண்டியதும் இப்போதுதான்.

நவம்பர் 3, இரவு

கடிபட்ட சில மணி நேரத்திலேயே அவ்விடம் உள்ளங்கை அகலத்துக்கு வீங்கி, சிவந்து, சூடேறி, சில வேளைகளில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டால், அது 'ஸ்கீட்டர் நோய்க்குறித்தொகுப்பு' எனப்படும் கடும் ஒவ்வாமையாக இருக்கலாம். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்டெல் சைமன்ஸ், சிகாங் பெங் ஆகிய ஆய்வாளர்கள் 1999-இல் இப்பெயரிட்டு இந்நிலையை விவரித்தனர். தோலடித் திசுக்களில் பாக்டீரியா பரவுவதால் வரும் செல்லுலைட்டிஸ் என்னும் தொற்றை இது அப்படியே ஒத்திருப்பதால், தேவையில்லாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுக்கப்படும் வாய்ப்பு உண்டு. ஆனால் தொற்று வளர நாள்கள் ஆகும். ஒவ்வாமையோ சில மணி நேரத்தில் முகங்காட்டிவிடும். மாலையில் எழுதிவைத்த குறிப்பு மருத்துவருக்குப் பயன்படுவது இங்கேதான்.

மூச்சுத்திணறல், நாக்கு அல்லது உதடு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மயக்கம் ஆகியவை கொசுக்கடியால் மிக அரிதாகவே வரும் எனினும், வந்தால் ஒரு நிமிடமும் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும். அந்நிலையில் உயிர்காக்கும் மருந்து அட்ரினலின் ஊசியே.

நவம்பர் 4

அடங்கியதாகத் தோன்றிய இடத்தில் கெட்டியான, அரிக்கும் சிறு கொப்புளம் எழுகிறது. கடித்து 24 முதல் 36 மணி நேரத்துக்குள் உச்சம் பெறும் இது தாமத எதிர்வினை. மறுநாள் தோன்றுவதாலேயே இது புதிய நோயாகிவிடாது. பிரித்தானியப் பூச்சியியலாளர் கென்னத் மெல்லன்பி 1946-இல் இவ்வெதிர்வினைகளைப் படிநிலைகளாக வகுத்தார்: முதன்முதலாகக் கடிபடும்போது எதுவும் தோன்றாது, பின்னர் தாமத எதிர்வினை மட்டும் வரும், அடுத்து உடனடி எதிர்வினையும் சேரும், தொடர்ந்து கடிபட்டபின் உடனடித் தடிப்பு மட்டும் எஞ்சி, இறுதியில் அதுவும் மறையும். குழந்தைகள் பெரியவர்களைவிட மிகுதியாக வீங்குவதையும், வெளிநாட்டில் வளர்ந்து விடுமுறைக்கு ஊர்வரும் பிள்ளைக்கு இங்குள்ள பிள்ளைகளைவிடக் கடுமையாகத் தடிப்பதையும் இந்தப் பகுப்பு விளங்கவைக்கிறது.

அரிப்பு நீடித்தால் வீரியம் குறைந்த ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பைச் சில நாள்கள் மட்டும் மருத்துவர் சொற்படி தடவலாம். வீரியமிக்க ஸ்டீராய்டு கலந்த களிம்பை மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும்.

நவம்பர் 6

தொற்று தொடங்குமாயின் அது பெரும்பாலும் சொறிந்த நகத்தின் வழியே நுழைந்ததாகவே இருக்கும். குறையவேண்டிய சிவப்பு இந்நாளில் விரிந்தால், சீழ் கட்டினால், வலி அரிப்பை மீறினால் மருத்துவரைக் காண வேண்டும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு வரைந்துவைத்தால் அது பரவுகிறதா என்பது புலப்படும். தோல் கிழிந்த இடத்தில் சுண்ணாம்போ பற்பசையோ வைப்பது புண்ணையே பெரிதாக்கும். நகங்களை ஒட்ட வெட்டுவது எளிய காப்பு.

நவம்பர் 8

டெங்குக் கிருமி உடலில் புகுந்து காய்ச்சலாக வெளிப்படப் பொதுவாக 4 முதல் 10 நாள்கள் ஆகும். ஆகவே கடித்த இரவே வீக்கத்தோடு வந்த காய்ச்சல் அந்தக் கடியால் வந்த டெங்கு ஆகாது. இப்போது புதிதாகக் காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை தேவை. அதுவரை பாராசிட்டமால் மட்டுமே தரலாம்; இரத்தக்கசிவைத் தூண்டக்கூடிய ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன் ஆகியவற்றைத் தரக்கூடாது.

நவம்பர் 12

கொப்புளம் வடிந்து, கருமை மட்டும் மிஞ்சுகிறது. மாநிறத் தோலில் அது மாதக்கணக்கில் நீடித்தாலும் கேடு இல்லை. ஆனால் ஒவ்வாமை மிகுந்த குழந்தைகளில், புதிதாக ஓரிடத்தில் கடிபட்டால் ஆறிய பழைய தடங்களும் மீண்டும் அரிக்கத் தொடங்கும் என்பதால், அவர்களுக்குக் கடிபடாமல் காப்பதே முழுமையான மருத்துவமாகிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பதால், பகலில் உறங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும். டீட் என்னும் கொசுவிரட்டி கலந்த பூச்சை இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குப் பயன்படுத்தக்கூடாது. வளர்ந்த குழந்தைக்கும் கை, கண், வாய் ஆகியவற்றைத் தவிர்த்தே பூசவேண்டும். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருள் புகைவது நுரையீரலுக்குத் தீங்கு.

முட்டை கொசுவாக வளர ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகின்றன. குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், மூடாத தொட்டி ஆகியவற்றில் தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டி, முட்டை ஒட்டியிருக்கும் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவினால் அந்த வளர்ச்சி பாதியில் அறுபடும். தெருவிலுள்ள எல்லா வீடுகளும் இதை ஒரே நாளில் செய்வது, ஒவ்வாமையால் வருந்தும் ஒரு குழந்தைக்கு அத்தெரு செய்யக்கூடிய மிகப்பெரிய உதவியாகும்.